பேசலாம், குதிக்கத்தான் கூடாது

சித்திரை லீவில் அக்கா மகனைக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத் தூண்டில் போடக் கூட்டிப் போகிறேன் என்றதும் லயத்தில் ஆளுக்கு ஆள் புத்தி சொன்னார்கள். "விடியிறதுக்கு முன்ன போயிரு தம்பி, பையன வாயத் திறக்க விடாத" என்றார் பக்கத்து வீட்டுத் தாத்தா. ஏழு வயசுப் பையனிடம் இந்த இரண்டும் நடக்காது. நல்ல வேளை, மலைநாட்டில் திலாப்பியா பிடிக்க இரண்டும் பெரிதாகத் தேவையும் இல்லை.

முதலில் நேரம். அமெரிக்காவில் வசந்தகாலத்தில் பிள்ளைகளோடு பாஸ் மீன் பிடிக்கப் போகிறவர்கள் தண்ணீரின் வெப்பநிலையைத்தான் பார்ப்பார்கள். குளிர்காலம் முடிந்து தண்ணீர் 15 பாகை செல்சியஸைத் தாண்டும்போது பாஸ் ஆழத்தை விட்டுக் கரையோரம் வந்து, தரையில் குழி பறித்து முட்டையிடும், ஆண் மீன் காவல் நிற்கும். நம் திலாப்பியாவுக்கு அந்தக் கணக்குச் சரிவராது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா ஆபிரிக்காவின் சூட்டில் வளர்ந்த இனம், முட்டையைத் தாயே வாயில் வைத்து அடைகாக்கும். மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான் என்பதால், தண்ணீர் 20 பாகைக்குக் கீழே இறங்கினால் செரிமானம் மந்தமாகி இதற்குப் பசியும் குறைந்துவிடும். ஆகவே மலைக்குளிரில் ஐந்து மணிக்குப் பிள்ளையை எழுப்பி அழ வைக்க வேண்டாம். வெயில் ஏறி, கரையோரத்து முழங்காலளவுத் தண்ணீர் கொஞ்சம் சூடான பிறகு, ஒன்பது பத்து மணிக்குப் போனால் போதும்.

அப்புறம் சத்தம். வாயால் பேசும் சத்தம் காற்றில் வருகிறது. காற்றும் தண்ணீரும் அடர்த்தியில் அவ்வளவு வித்தியாசப்படுவதால், தண்ணீரின் மேல் படும் ஒலி ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும், மிச்சமெல்லாம் திரும்பிவிடும். பையன் கதை சொல்லட்டும், பாட்டுக்கூடப் பாடட்டும். ஆனால் கரையில் தொம்மென்று குதித்தால் அதிர்வு மண் வழியாகவே தண்ணீருக்குள் போய்விடும், அங்கே தடுக்க எதுவும் இல்லை.

"மாமா, மீனுக்குக் காது எங்க?" என்றான். காது உள்ளே, மண்டைக்குள் சின்னக் கல்லோடு இருக்கிறது. வெளியே தெரிவது இன்னொன்று. திலாப்பியாவைக் கையில் பிடித்து விலாவைப் பாருங்கள், செதில்களில் ஊசி குத்தியது போலப் புள்ளி வரிசை ஒன்று ஓடும். முன்பாதியில் மேலே ஓடி, பாதியில் அறுந்து, வாலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் கீழே மறுபடி தொடங்கும். அதற்குப் பக்கக்கோடு என்று பெயர். ஒவ்வொரு புள்ளியும் ஒரு துளை, தோலுக்கடியில் உள்ள குழாய்க்குள் மயிர் போன்ற உணர்வு உயிரணுக்கள் இருக்கும். பக்கத்தில் தண்ணீர் கொஞ்சம் அசைந்தாலும் அவை வளைந்து சேதி சொல்லிவிடும். புழு நெளிவதும் அப்படித்தான் தெரிகிறது, நீங்கள் காலை நனைத்ததும் அப்படித்தான் தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பார்வை விஷயம். ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது வளைவதால், மீனுக்கு வெளி உலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்ட ஜன்னலுக்குள்தான் தெரியும். ஒரு மீற்றர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டம் கிட்டத்தட்ட 2.3 மீற்றர் அகலம். கரையில் தாழ்வாக இருப்பதெல்லாம் வட்டத்தின் விளிம்பில் நசுங்கிக் கிடக்கும். தண்ணீர் மட்டத்திலிருந்து 10 பாகைக் கோணம் வரை இருக்கும் காட்சி மீனுக்கு வெறும் 1 பாகைக்குள் அடங்கிவிடும், மங்கலாகவும் இருக்கும். ஆறு மீற்றர் தள்ளி நிற்கும் ஏழு வயசுப் பிள்ளை ஏறக்குறைய அந்த 10 பாகைக்குள் ஒளிந்துவிடுவான். அதே இடத்தில் நான் நின்றால் அந்த விளிம்பைத் தாண்டித் தலை தெரியும், ஆகவே நான்தான் குந்த வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மார்ச், ஏப்ரலில் மழை குறைந்து நீர்மட்டம் இறங்கும், பக்கத்து மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிக் கிடக்கும் பழைய மஸ்கெலியா ஊரின் கோயில்கூட வெளியே வந்துவிடும். அப்படி வெளிப்படும் தரை மேலே காய்ந்து வெடித்திருக்கும், அடியில் சேறு. கம்பால் குத்திப் பார்க்காமல் பிள்ளையை இறக்காதீர்கள்.

எங்களிடம் மூங்கில் கம்பு, தங்கூசி, இறகுத் தண்டில் ஒரு மிதவை, டப்பாவில் மண்புழு, அவ்வளவுதான். இரண்டு மணிநேரம் பையன் வாய் மூடவில்லை, உள்ளங்கை அளவில் மூன்று பிடித்தான். நாலாவதுக்கு மிதவை இலேசாகச் சாய்ந்தபோது, கால் மரத்துப்போய் நான் எழுந்து நின்றுவிட்டேன். மிதவை அப்படியே நிமிர்ந்தது. "மாமா!" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை.