சேர்க்கை கிடைத்தது, பணத்தை யாரிடம் கேட்பது?

"எனக்குத்தான் சேர்க்கை கிடைத்துவிட்டதே, உதவித்தொகைக்குத் தனியாக வேறு விண்ணப்பிக்க வேண்டுமா?" பல்கலைக்கழக உதவித்தொகைப் பிரிவில் நான் வேலை பார்த்த இத்தனை ஆண்டுகளில் அதிகம் காதில் விழுந்த கேள்வி இதுதான். கேள்வியில் தவறில்லை. கேட்கும் நாள்தான் சிக்கல். பெரும்பாலும் கடைசித் தேதி முடிந்து பத்து நாள் கழித்துத்தான் கேட்கிறார்கள். நல்ல மதிப்பெண் பார்த்துச் சேர்த்துக்கொண்டவர்கள், அதே மதிப்பெண்ணுக்குப் பணமும் தருவார்கள் என்று நம்பிக் காத்திருந்தோம் என்பார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்ற பழமொழியில் வரும் பூசாரி நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கக் கூடாது என்று எனக்கு ஒரு ஆசையும் இல்லை. உங்கள் பெயர் என் மேசைக்கே வரவில்லை, அவ்வளவுதான்.

பல பல்கலைக்கழகங்களில் சேர்க்கைப் பிரிவும் உதவித்தொகைப் பிரிவும் வெவ்வேறு அறைகள், வெவ்வேறு மென்பொருள்கள், வெவ்வேறு கடைசித் தேதிகள். "தகுதியுள்ள அனைவரும் உதவித்தொகைக்குத் தாமாகவே பரிசீலிக்கப்படுவார்கள்" என்று சேர்க்கைக் கடிதத்தில் ஒரு வரி இருந்துவிட்டால் போதும், பலர் நிம்மதியாகக் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்த வரி பெரும்பாலும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் தரும் பொதுத் தொகைக்கு உரியது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவதற்கு வருமானச் சான்றுகளுடன் தனி விண்ணப்பம் வேண்டும். துறை தருவதைத் துறை அலுவலகத்தில் கேட்க வேண்டும். முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கிடைக்கும் கற்பித்தல் உதவியாளர், ஆய்வு உதவியாளர் இடங்களோ, உண்மையில் உதவித்தொகையே இல்லை. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் உழைப்பதற்கான சம்பளமும், பல இடங்களில் அதோடு சேர்ந்து வரும் கட்டண விலக்கும்தான் அவை. அவற்றுக்குப் பேராசிரியரிடம் பேச வேண்டும். என்னிடம் வந்து பயனில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் அரசின் செவெனிங், அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் போன்ற பெயர் பெற்ற வெளி உதவித்தொகைத் திட்டங்களின் விண்ணப்பக் காலம், படிப்பு தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றைத் தேடி இணையத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பது வீண். அந்த நேரத்தில் இன்னும் திறந்திருக்கும் கதவு பெரும்பாலும் உங்களைச் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகத்தின் கதவுதான்.

அந்தக் கதவுக்குள் மாணவர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத ஒரு மூலை இருக்கிறது: அறக்கொடை நிதி. ஒரு முன்னாள் மாணவரோ, இறந்துபோன பிள்ளையின் நினைவாக ஒரு குடும்பமோ, ஒரு நிறுவனமோ ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவைப்பார்கள். அந்த அசலில் கை வைப்பதில்லை. அதை முதலீடு செய்து, ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு வரை மட்டும் எடுத்துச் செலவிடுவது பல பல்கலைக்கழகங்களின் நடைமுறை. 100 பங்கு கொடுத்தவரின் பெயரில் ஆண்டுக்கு 4 அல்லது 5 பங்குதான் மாணவரிடம் வந்து சேரும். பெரிய மனிதரின் பெயரைத் தாங்கிய உதவித்தொகை சிறிய தொகையாக இருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

இந்த நிதிகள் கொடுத்தவரின் விருப்பப்படி நிபந்தனைகளோடு வரும். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இருக்க வேண்டும், செவிலியர் படிப்பில் இருக்க வேண்டும், வயலின் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவை ஒரு குறுகிய சந்துக்குள் போகும். சந்து குறுகியது என்பதால்தான் அங்கே கூட்டம் இல்லை. எங்கள் அலுவலகத்தில் புவியியல் மாணவர்களுக்கான ஒரு சிறு நிதி, அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் கேட்பாரின்றி அசலோடு சேர்ந்துகொண்டது. அதே ஆண்டுகளில் கட்டணத்துக்குத் தவணை கேட்டு எங்கள் வாசலில் நின்றவர்களில் புவியியல் மாணவர்களும் இருந்தார்கள். நானும் சேர்ந்துதான் அந்த நிதியின் அறிவிப்பை ஒரு நீண்ட பட்டியலின் அடியில் போட்டிருந்தேன். பழியில் பாதி எனக்கும் உண்டு. எனவே பட்டியலைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். உங்களுக்குப் பொருந்தும் சிறு நிதிகள் மூன்று கிடைத்தால், ஆயிரம் பேர் மோதும் பெரிய நிதி ஒன்றுக்கு முன்னால் அவற்றுக்கு விண்ணப்பிக்கச் சொல்வேன்.

அடுத்தது கட்டுரை. சேர்க்கைக்கு எழுதிய கட்டுரையையே உதவித்தொகைக்கும் அனுப்புவது அநேகமாக எல்லாரும் செய்யும் காரியம். சேர்க்கைக் குழு உங்களிடம் தேடியது, இந்தப் படிப்பை இவர் தாங்குவாரா என்பதை. அதற்கு விடை கிடைத்ததால்தான் நீங்கள் உள்ளே வந்திருக்கிறீர்கள். உதவித்தொகைக் குழுவின் கவலை வேறு. கொடையாளரின் நிபந்தனைக்கு இவர் பொருந்துகிறாரா, இந்தப் பணம் இல்லாவிட்டால் இவருக்கு என்ன ஆகும், கொடுத்தால் படிப்பை முடிப்பாரா என்று அது பார்க்கிறது. ஒரு மாலையில் அறுபது விண்ணப்பங்களை வாசித்த அனுபவத்தில் சொல்கிறேன்: நிபந்தனைக்கான விடை முதல் பத்தியிலேயே இருக்கட்டும். மூன்றாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும் விடையைக் களைத்துப்போன கண் தவறவிட்டுவிடும். வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்ற மறந்து அனுப்பிய கட்டுரைகள் ஒவ்வொரு பருவத்திலும் வருகின்றன. குழுவில் ஒருவர் அதைச் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள், அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவோம்.

பணத்தேவையைப் பற்றி எழுதும்போது பலர் கண்ணீரை நம்புகிறார்கள். நான் எண்ணை நம்புகிறேன். முதல் ஆண்டுக்கு மொத்தச் செலவு இவ்வளவு, குடும்பத்தால் முடிவது இவ்வளவு, கடன் இவ்வளவு, மீதி இடைவெளி இவ்வளவு என்று நான்கு வரிகள் எழுதியவரின் விண்ணப்பம், வறுமையை ஒரு பக்கத்துக்கு வர்ணித்ததைவிடக் குழுவில் எளிதாக நகரும். காரணம் சாதாரணமானது. இடைவெளி தெரிந்தால்தான் எவ்வளவு கொடுத்தால் அது அடைபடும் என்று எங்களால் கணக்குப் போட முடியும்.

ஆவணங்களில் நடக்கும் விபத்துகள் அற்பமானவை, ஆனால் அவற்றால் போகும் பணம் அற்பமில்லை. மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் முழுப்பெயர், விண்ணப்பத்தில் மூன்றாவதாக ஒரு வடிவம் என்றால் மென்பொருள் உங்களை மூன்று பேராகக் கருதிவிடலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதி, சேர்க்கை எண்ணை ஒவ்வொரு தாளிலும் குறிப்பிடுங்கள். பரிந்துரைக் கடிதம் தருபவருக்குக் குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள்; எந்த உதவித்தொகை, அதன் நிபந்தனை என்ன என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால், சேர்க்கைக்காக எழுதிய பழைய கடிதத்தையே அவரும் அனுப்பிவிடுவார் என்பது என் அனுபவம்.

தொகை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டுக்கு மட்டும் பல்லைப் பாருங்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் ஆண்டுக் கட்டணம் 100. முதல் ஆண்டுக்கு மட்டும் 50 தள்ளுபடி. இன்னொன்றில் கட்டணம் 95. ஆண்டுதோறும் 20 தள்ளுபடி. "பாதிக் கட்டணம்" என்ற சொல்லில் மயங்கி முதலாவதைத் தேர்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்குக் கூட்டினால் முதலாவதில் 350 கட்டுவீர்கள், இரண்டாவதில் 300.

தொகை விழுக்காட்டிலா, நிலையான எண்ணிலா என்பதையும் கவனியுங்கள். கட்டணம் ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்ந்தால் 100 என்பது நான்காம் ஆண்டில் ஏறத்தாழ 116 ஆகிவிடும். கட்டணத்தில் 25 விழுக்காடு தருகிறோம் என்று எழுதியிருந்தால் உங்கள் தொகை 29 ஆக வளரும். ஆண்டுக்கு 25 என்று எழுதியிருந்தால் அது 25ஆகவே நிற்கும். கடிதத்தில் இந்த வித்தியாசம் ஒரே ஒரு சொல்லில் இருக்கும்.

புதுப்பித்தல் நிபந்தனைதான் உண்மையான கண்ணி. குறிப்பிட்ட சராசரி மதிப்பெண்ணுக்குக் கீழே போகக் கூடாது, ஒவ்வொரு பருவத்திலும் இத்தனை பாடம் எடுத்தே ஆக வேண்டும் என்றிருக்கும். முதல் பருவம் பலருக்கும் தடுமாற்றப் பருவம். ஒரு முறை சரிந்தால் தொகை உடனே நின்றுவிடுமா, ஒரு பருவம் அவகாசம் உண்டா என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க நினைப்பவர்கள், தொகையும் கூடவே தள்ளிப்போகுமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். இடத்தைப் பத்திரமாக வைத்திருந்து பணத்தை மட்டும் வேறொருவருக்குக் கொடுத்துவிடும் இடங்கள் உண்டு.

வெளியிலிருந்து வேறொரு உதவித்தொகை பெற்று வருபவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. அந்தத் தொகையைக் கணக்கில் கொண்டு, தான் தருவதைப் பல்கலைக்கழகம் குறைத்துக்கொள்ளலாம். ஓடியாடி நீங்கள் திரட்டிய பணத்தால் உங்கள் செலவு ஒரு காசுகூடக் குறையாமல் போகலாம். எனக்கு இந்த விதி எப்போதுமே பிடித்ததில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2017ஆம் ஆண்டில் தன் பொதுப் பல்கலைக்கழகங்களில் இப்படிக் குறைப்பதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. அந்நாட்டு மாநிலங்களில் இதில் அதுவே முதலாவது. உங்கள் இடத்தில் விதி என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள். குறைத்தே தீருவோம் என்றால், கடனாகத் தரும் பகுதியை முதலில் குறைக்கும்படி கேட்கலாம். பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள்.

தேதிகளின் நெருக்கடி வேறு. ஓரிடத்தில் முன்பணம் கட்டக் கடைசி நாள் வந்துவிடும், இன்னோரிடத்தில் உதவித்தொகை முடிவு வந்திராது. அமெரிக்க முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகளில் ஏப்ரல் 15 உடன்பாடு என்று ஒன்று இருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு தந்த இடத்துக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. இது தெரியாமல் பிப்ரவரியிலேயே அவசரப்பட்டு ஒப்புக்கொண்டவர்கள் உண்டு. உடன்பாடு இல்லாத இடங்களிலும், காரணம் சொல்லி ஒரு வாரம் அவகாசம் கேட்பது முறையற்ற செயல் இல்லை.

விசாவுக்குப் பணம் காட்ட வேண்டிய நாடுகளில், உதவித்தொகைக் கடிதம் கைக்கு வரும் நாளும் முக்கியம். பிரிட்டன் மாணவர் விசாவுக்கு உங்கள் கணக்கில் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்கா செல்வோருக்கு மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் நிதி ஆதாரம் அச்சாகியிருக்கும். அதன் பிறகு தொகை கிடைத்தால் திருத்திய படிவம் கேட்டு வாங்குங்கள். இதையும் மறக்க வேண்டாம்: உதவித்தொகை பெரும்பாலும் நீங்கள் பதிவு செய்து வகுப்பு தொடங்கிய பிறகுதான் வரவு வைக்கப்படும். முதல் மாத வாடகைக்கும் பயணத்துக்கும் அது உதவாது.

உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று முன்கூட்டிப் பணம் கேட்பவரிடமும், "உங்கள் இடத்தைப் பிடித்து வைக்க" வங்கிக் கணக்கு விவரம் கேட்பவரிடமும் பேச்சை நீட்ட வேண்டாம். அமெரிக்காவில் இந்த மோசடிக்கென்றே 2000ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது என்றால் தொழில் எவ்வளவு செழித்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தந்தது போதவில்லையென்றால் மறுபடியும் கேட்கலாமா? கேட்கலாம். பேரம் பேசுவது போன்ற தொனி மட்டும் வேண்டாம். தந்தையின் வேலை போயிற்று, வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்தது, இணையான பல்கலைக்கழகம் இவ்வளவு தருகிறது என்று விண்ணப்பித்த பிறகு மாறிய நிலையைச் சொல்லிச் சான்றை இணையுங்கள். பெற்றோர் எழுத வேண்டாம், நீங்களே எழுதுங்கள். பெற்றோரின் கடிதங்களில் கோபம் தூக்கலாக இருக்கும், எண் இருக்காது.

கேட்பதற்கு ஒரு நல்ல வாரம் உண்டு. இடத்தை ஏற்கக் கடைசி நாள் முடிந்ததும், எங்களை வேண்டாமென்று வேறிடம் போனவர்களின் தொகை திரும்பி வரும். அதை மறுபடி பிரிக்கும் வேலை எனக்கு. ஒருமுறை அந்த வாரத்தில் ஒரு மாணவியிடமிருந்து ஐந்து வரி மின்னஞ்சல் வந்தது. சேர்க்கை எண், படிப்பு, முன்பணம் கட்டிய தேதி, இடைவெளித் தொகை, "திரும்பி வந்த நிதி ஏதேனும் இருந்தால் என்னைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்" என்ற ஒரு வாக்கியம். இருந்தது. இடைவெளியில் பாதியை அடைக்கும் தொகை ஒன்றை அவருக்கு ஒதுக்கிக் கடிதம் அனுப்பினேன். நன்றி சொல்லி மறுநாளே பதில் வந்தது. நன்றிக்குக் கீழே ஒரு கேள்வி: "ஐயா, இது முதல் ஆண்டுக்கு மட்டுமா, நான்கு ஆண்டுகளுக்குமா?"

கடிதத்தில் அதைக் குறிப்பிட நான்தான் மறந்திருந்தேன்.