திருப்பத்தூர் தாண்டித் தீர்ந்த பேட்டரி

போன ஆடி முதல் வாரம். பகல் ஒரு மணி இருக்கும். சாப்பிட எழுந்த நேரத்தில் கிளினிக் வாசலில் ஒரு 'குட்டியானை' சரக்கு வண்டி வந்து நின்றது. பின்னால் சாக்கு விரித்து ஒருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். அவர் காலடியில் ஒரு பேட்டரி சைக்கிள் சாய்ந்து கிடந்தது. "குடிச்சிட்டு விழுந்து கெடக்காருன்னு எல்லாரும் தாண்டிப் போயிட்டாங்க சார். கிட்டப் போய் மோந்து பார்த்தேன், வாடையே இல்ல. அதான் தூக்கிப் போட்டுட்டு வந்துட்டேன்" என்றார் வண்டி ஓட்டி வந்த தம்பி.

குனிந்து மோந்து பார்க்க அவருக்கு மனசு வந்ததே, அதற்கு நான் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். படுத்திருந்தவர் ஏதோ உளறினார். பெயர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 46. உடல் சூடு 102 டிகிரி. ரத்த அழுத்தம் 90/60. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினோம். சட்டையைக் கழற்றி, ஈரத் துணியால் உடம்பை நனைத்து, மின்விசிறியை நேராகத் திருப்பி வைத்தோம். பத்து நிமிடத்தில் கண்ணைத் திறந்தவர் முதலில் கேட்டது, "சைக்கிள் எங்கே?"

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காரைக்குடிக்காரர், வயது 61, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பல வருடமாக மாத்திரை எடுக்கிறார். சைக்கிள், சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்தது. சங்கடஹர சதுர்த்திதோறும் அதில்தான் பிள்ளையார்பட்டி போய் வருவார். நல்ல பழக்கம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அன்றைக்கு அவர் கிளம்பியது மதுரைக்கு, மகள் வீட்டுக்கு. எண்பது கிலோமீட்டருக்கு மேல்.

கணக்குப் போட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். ஒருமுறை சார்ஜ் செய்தால் 60 கிலோமீட்டர் ஓடும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. வழியில் இருக்கும் திருப்பத்தூரில் தெரிந்தவர் கடையில் ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுக்கொண்டால் மதுரை வந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். அந்தக் கணக்கில் எங்கே பிசகியது என்று பிறகு அவரும் நானும் உட்கார்ந்து பார்த்தோம்.

அவருடைய பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 360 வாட்-மணி. பெட்டியில் போட்டிருக்கும் தூரம், காற்றில்லாத சமதளத்தில், எடை குறைந்த ஒருவர் விடாமல் பெடல் மிதித்துக்கொண்டு, மோட்டாரிடம் கொஞ்சமாக மட்டும் உதவி கேட்கும்போது கிடைப்பது. அவரோ ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டு காலை ஆட்டாமல் போனவர். அதிலும் ஆடி மாதம். அம்மியே பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று மேற்கிலிருந்து வருகிறது. காரைக்குடியிலிருந்து மதுரை மேற்கே. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். காற்றே இல்லாதபோது 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரை அது ஒரு பங்கு தள்ளுகிறது என்றால், எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது இரண்டரைப் பங்கு தள்ளும். பேட்டரி பாதி தூரத்திலேயே தீர்வதற்கு இது ஒன்றே போதும்.

திருப்பத்தூரில் போட்ட சார்ஜ்? அவருடைய சார்ஜர் 2 ஆம்பியர். பேட்டரி நிரம்ப ஐந்து மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரத்தில் ஏறியது ஐந்தில் ஒரு பங்கு. அதை நம்பி மேலூர் போகும் நான்குவழிச் சாலையில் ஏறியிருக்கிறார். சாலை அகலமானது, மர நிழல் குறைந்துபோனது. பத்து கிலோமீட்டர் போவதற்குள் வண்டி நின்றுவிட்டது. அதற்கப்புறம் இருபத்தைந்து கிலோ வண்டியை ஒன்றேகால் மணி நேரம் கொஞ்சம் மிதித்து, கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறார், உச்சி வெயிலில்.

ஒரு மருத்துவனாக நான் வலியுறுத்த விரும்புவது ஒன்று உண்டு. சாதாரண சைக்கிளில் போகிறவருக்குத் தொடைதான் காவல். பள்ளத்தூரில் ஏறியவர் கானாடுகாத்தான் போவதற்குள் அது 'போதும்' என்று சொல்லிவிடும். வீடு திரும்பும் தூரத்தில் இருக்கும்போதே சொல்லிவிடும். மோட்டார் அந்தக் காவலைத் தூங்க வைக்கிறது. களைப்பே தெரியாமல், நம் உடம்பால் திரும்பி வர முடியாத இடத்துக்கு நம்மைக் கொண்டுபோய்விட்டு, பிறகு பேட்டரி தீர்கிறது. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் வந்ததைப் பற்றிப் பிறகு அவர் சொன்னபோது, "கொஞ்சம்கூட அசதி இல்ல டாக்டர், அதனாலதான் தைரியமா கிளம்பினேன்" என்றார். அந்தத் தைரியம்தான் ஆபத்து.

வியர்வையும் அப்படித்தான் ஏமாற்றுகிறது. வண்டி ஓடும்போது முகத்தில் அடிக்கும் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடும். சட்டை நனையாது, தாகமும் பெரிதாகத் தெரியாது, ஆனால் உடம்பு நீரை இழந்துகொண்டே இருக்கும். அவர் எடுக்கும் ரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீரைக் கூட்டும் மருந்தும் சேர்ந்திருந்தது. வண்டி நின்று, காற்றும் நின்று, கால் வேலை செய்ய ஆரம்பித்ததும் சூடு ஒரேயடியாக ஏறிவிட்டது.

இதற்கெல்லாம் மேலே காலைப் பலகாரம். கிளிமிப்ரைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காபி மட்டும் குடித்துவிட்டு, "மேலூர்ல பார்த்துக்கலாம்" என்று விட்டிருக்கிறார். அந்த மாத்திரை சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிறு காலி, தசைக்கு வேலை, உள்ளே மாத்திரை. சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? இது நெடுநேரம் வேலை செய்யும் மருந்து என்பதால், குளுக்கோஸ் ஏற்றித் தெளிந்த பிறகும் சர்க்கரை மறுபடி இறங்கலாம். அதனால் அன்று இரவு முழுக்க அவரைக் கண்காணிப்பில் வைத்தோம். மதுரையிலிருந்து வந்த மகள், "அப்பச்சி போனையே எடுக்கலைங்க. வெயிலுக்கு எங்கயாச்சும் ஒதுங்கியிருப்பாகன்னு நெனச்சுட்டோம்" என்று சொல்லி அழுதார். அவர் மனைவி, ஆச்சி, பேசவே இல்லை, கட்டிலைப் பிடித்தபடி நின்றார்.

வருடாவருடம் தை மாதம் பழனிக்கு நடக்கும் காவடிக் கூட்டத்தை நான் பார்க்கிறேன். குன்றக்குடியில் கிளம்பி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகும் அந்த நடையில் எழுபது வயதுக்காரர்களும் உண்டு. பெரும்பாலும் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு போவார்களே தவிர, நினைவு தப்பி வந்தவர்கள் அபூர்வம். குளிர்ந்த மாதம், விடியுமுன் நடை, வெயில் ஏறினால் தங்கல், வேளைக்குச் சோறு, பக்கத்தில் கேட்கக் கூப்பிடக் கூட்டம். பல தலைமுறை நடந்து நடந்து கற்றுக்கொண்ட ஒழுங்கு அது. பேட்டரி சைக்கிளில் தனியாகக் கிளம்புகிறவருக்கு இதில் ஒன்றுகூட இல்லை.

தூரமாகப் போகத்தான் வேண்டும் என்றால், பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தில் பாதியை மட்டும் நம்புங்கள். அந்தப் பாதிக்குள் போகவும் வரவும் முடிகிறதா பாருங்கள். முதல் நாளே மோட்டாரை அணைத்துவிட்டு ஐந்து கிலோமீட்டர் மிதித்துப் பாருங்கள். பேட்டரி தீர்ந்தால் உங்களிடம் மிஞ்சப்போவது அந்த வண்டிதான். சீமைக்கருவேல முள் குத்தினால், மோட்டார் பின் சக்கரத்துக்குள் இருக்கும் வண்டிகளில் வயரைக் கழற்றிச் சக்கரத்தை எடுக்கவே நேரமாகும். சாலையோர பங்க்சர் கடைகள் சில கையே வைக்காது. வெயிலில் ஓடிய சூட்டோடு பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சூடான லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்வது அதைக் கெடுக்கும். நிழலில் அரை மணி ஆறட்டும். 25 கிலோமீட்டர் வேகம், 250 வாட் மோட்டார் என்ற வரம்புக்குள் இருப்பதால் லைசென்ஸ் கேட்பதில்லை. அதற்காக ஹெல்மெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் சாப்பிடாமல் வண்டியைத் தொடவே வேண்டாம். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். கை நடுக்கம், படபடப்பு, திடீர் வியர்வை வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, பதினைந்து நிமிடம் ஓய்வு. உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் நம்மிடம் இருக்கும் அருமையான மருந்து. ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கிளம்பும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

சாலையில் ஒருவர் உளறிக்கொண்டு விழுந்து கிடந்தால், குடிகாரர் என்று முடிவு கட்டாதீர்கள். நிழலுக்கு நகர்த்துங்கள், உடம்பை நனைத்து விசிறுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

போன வாரம் அவர் பரிசோதனைக்கு வந்திருந்தார். எல்லாம் பார்த்து முடித்த பிறகு, "ஆத்தங்குடி வரைக்கும் போயிட்டு வரலாமா டாக்டர்?" என்று கேட்டார். காலையில் என்ன சாப்பிடுவீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், யாரிடம் சொல்லிவிட்டுப் போவீர்கள் என்று கேட்டேன். இட்லி, எட்டு மணி என்றார். மூன்றாவதற்கு ஆச்சியைத் திரும்பிப் பார்த்தார். "சரின்னு எழுதிக் கொடுங்க தம்பி. எட்டரைக்கு வரலேன்னா நானே ஆட்டோவ எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றார் ஆச்சி.