எல்லாம் நடுக்குவாதத்தால்தானா?

"ஆறு மாசத்துல அப்படியே ஒடுங்கிப் போயிட்டாரு. வியாதி முத்திப்போச்சு போல." நடுக்குவாதம் எனும் பார்க்கின்சன் நோய் உள்ள பெரியவரை அழைத்துவரும் குடும்பத்தார் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். பல வேளைகளில் முற்றியிருப்பது வியாதி அல்ல. அதன் நிழலில் இன்னொன்று சேர்ந்து வளர்ந்திருக்கும். மருத்துவர்கள் அதை ஃபிரெயில்டி என்பார்கள், நாம் நலிவு என்போம். தசையும் தெம்பும் கரைந்து, சாதாரணக் காய்ச்சலைக்கூடத் தாங்க முடியாமல் உடம்பு சரிந்துவிடும் நிலை அது. நடுக்குவாதத்தில் மூளைச் செல்கள் அழிவதை நிறுத்த இன்றைக்கு மருந்தில்லை. நலிவில் மீட்கக்கூடிய பங்கு நிறைய உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

பிரிப்பது லேசான வேலையும் அல்ல. அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃபிரைட் குழுவினர் 2001இல் நலிவுக்கு ஐந்து அடையாளங்கள் வகுத்தார்கள்: முயலாமலே ஓராண்டில் நாலரைக் கிலோ அல்லது உடல் எடையில் 5 சதவீதம் குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடி வலு குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் நலிவு, ஒன்றிரண்டு இருந்தால் அதன் வாசற்படி. சிக்கல் என்னவென்றால், மெதுவான நடையும் சுருங்கிய நடமாட்டமும் நடுக்குவாதத்திலேயே வரும். ஆகவே சோதிக்கும் நேரம் முக்கியம். நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரையைப் போட்டு, அது நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போது பாருங்கள். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் நின்றுகொள்ளட்டும். உடம்பு இறுக்கம் விட்டிருக்கும் அந்த நேரத்திலும் 12 விநாடிக்கு மேல் ஆனால் தசை தேய்ந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது கெண்டைக்கால். தையல் டேப்பால் அதன் பருத்த இடத்தை அளந்தால், ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் கீழே இருப்பது தசை இழப்பின் அறிகுறி என்று ஆசிய நாடுகளின் மருத்துவர் குழு 2019இல் வரையறுத்தது. கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்ப முடியாது. மாதம் ஒரு தடவை எடை பார்த்துக் காலண்டரில் குறியுங்கள். மோதிரம் கழல்வதும் வேட்டி இடுப்பில் நிற்காததும் அதற்கு முன்பே சொல்லிவிடும்.

எடை ஏன் குறைகிறது? முகர்வுத் திறன் போய்விடுவதால் சாப்பாட்டில் ருசி தெரியாது, மலச்சிக்கலால் வயிறு எப்போதும் நிறைந்தாற்போல் இருக்கும், நடுக்கமும் உடல் அசைவுகளும் சக்தியைத் தின்னும். இத்தனைக்கும் மேலாக, வீட்டார் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தவறும் உண்டு. "புரதம் சாப்பிட்டா மாத்திரை வேலை செய்யாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு முட்டை, பருப்பு, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். பாதி உண்மை. புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போக ஒரே வாசலைப் பயன்படுத்துகின்றன. கூட்டம் சேர்ந்தால் மாத்திரை பின்தங்கும். அதற்கு நேரத்தைத்தான் மாற்ற வேண்டும், புரதத்தை வெட்டக் கூடாது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ, தண்ணீரோடு மாத்திரை போடலாம். பாலோடு வேண்டாம். குமட்டினால் ஒரு சாதா பிஸ்கட் போதும். இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபாவைக் கட்டிப்போடும், இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். இவ்வளவு செய்தும் பகலில் மருந்து எடுபடாமல் போகிறவர்களுக்கு, புரதத்தில் பெரும்பங்கை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளிவைப்பார்கள்.

முதியவருக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். 55 கிலோ என்றால் 55 முதல் 66 கிராம். காலையில் மூன்று இட்லி, மதியம் ரசம் சோறு, இரவு கஞ்சி என்ற நம் ஊர் 'லேசான சாப்பாட்டை'க் கூட்டிப் பார்த்தால் 30 கிராம் தேறுவதே சிரமம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 கிராம் சொச்சம், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 அல்லது 9, அதே எடை மீனில் 20 கிராம் அளவு கிடைக்கும். சுண்டலை மெல்ல முடியாதென்றால் மசித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவர் சொல்லும் அளவுதான்.

அசதிக்கும் தனிக் காரணம் தேட வேண்டும். ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் டி, பி12 பார்த்தாகிவிட்டதா? நெடுநாள் லெவோடோபா எடுப்பவர்களிடம் பி12 குறைவு காணப்படுவதுண்டு. மனச்சோர்வும் சோம்பல் போலவே தெரியும்.

ரத்த அழுத்தத்தை உட்கார்த்திவைத்து ஒரு தடவை பார்த்தால் போதாது. ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பாருங்கள், பிறகு நிற்கவைத்து ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களில் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், ராத்திரி பாத்ரூம் போக எழும்போது விழுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பத்து வருடம் முன்பு 70 கிலோ எடைக்கு எழுதிய பி.பி. மாத்திரை இன்றைய 55 கிலோ உடம்புக்கு அதிகமாக இருக்கக்கூடும். நீங்களாக நிறுத்தாமல், எண்களை எழுதி எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

மருந்துக்கடை இன்னொரு பொறி. தலைசுற்றலுக்குப் புரோகுளோர்பெரசின், சின்னரிசின், வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு என்று கேட்டதும் கொடுத்துவிடுவார்கள். நடுக்குவாதத்தில் மூளையில் ஏற்கெனவே குறைந்துபோன டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையை இவை தடுப்பவை. நடுக்குவாதக்காரர் சில நாளிலேயே இறுகிப்போவார், பழி நோயின் மேல் விழும். சளிக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின் சிரப் மறதி நோய் (டிமென்ஷியா) உள்ளவரின் குழப்பத்தைக் கூட்டும்.

நடுக்குவாதத்தைப் போலவே எடை குறையும் இன்னொரு நோய் மறதி நோய். அதில் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே எடை இறங்கத் தொடங்கிவிடுவதுண்டு. அதற்குக் கொடுக்கும் டோனெபிசிலும் சிலருக்குப் பசியை மந்தமாக்கும். வெள்ளைப் பீங்கான் தட்டில் வெள்ளைச் சோறு இருப்பதே கண்ணுக்குப் பிடிபடாமல் பலர் கைவைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். வாழை இலையில் போட்டால் சோறு எடுப்பாகத் தெரியும். சாப்பிடும்போது இருமலோ, குரலில் தொண்டையில் நீர் தேங்கியது போன்ற ஈரப்பசையோ தெரிந்தால் விழுங்கும் திறனைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் (ஸ்பீச் தெரபிஸ்ட்) சோதித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்கவிடாதீர்கள்.

நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் அதனால் மட்டும் தொடைத் தசை மீளாது. சுவரில் சாய்த்த, கைப்பிடியுள்ள நாற்காலியில் எழுந்து உட்காருவது 8 முதல் 10 தடவை, இடைவெளி விட்டு இரண்டு மூன்று சுற்று. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்குவதும் அதே கணக்கு. வாரம் மூன்று நாள், மருந்து வேலை செய்யும் நேரத்தில். சுலபமாகிவிட்டால் கையூன்றுவதைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தசைக்கு வேலையே இருக்காது. நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், மேல்பாதி மட்டும் முன்னால் வந்து விழுவார். நிற்கச் சொல்லி, எடையை இடமும் வலமும் மாற்றச் சொல்லி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி அடியெடுக்க வையுங்கள். நடந்துகொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், கையில் காபி தம்ளரும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் முதல் வேலையாக, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று தாளில் எழுதி வார்டு நர்ஸிடம் கொடுங்கள். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் இறுக்கமுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் "இன்னிக்கு நாற்காலியில உட்கார வைக்கலாமா, டாக்டர்?" என்று தினமும் கேளுங்கள். தேவையில்லாமல் படுத்தே கிடந்தால், ஒரே வாரத்தில் போகும் தொடை வலுவைத் திரும்பப் பெறப் பல வாரங்கள் ஆகும்.