எவிக்ஷன்: வெளியேற்றமா, குடியெழுப்பலா?

அயர்லாந்தில் வீட்டு நெருக்கடி பற்றிய பேச்சு எழுந்தால் 'எவிக்ஷன்' என்ற சொல் வராமல் இருக்காது. குடியிருக்கும் வீட்டிலிருந்து ஒருவரைக் கிளப்பிவிடுவது என்று பொருள். தமிழில் பெரும்பாலும் 'வெளியேற்றம்' என்று எழுதிவிடுகிறோம்.

இதன் வேர் 'எவின்கெரே' என்ற இலத்தீன் வினை. முழுதாக வெல்வது என்று அர்த்தம். 'விக்டரி'யும் இந்தக் குடும்பம்தான். வழக்காடி ஜெயித்துச் சொத்தை மீட்பதைத்தான் முதலில் இப்படிச் சொன்னார்கள். ஆக, ஜெயித்தவர் பக்கம் நின்று பிறந்த சொல் இது. சட்டிபானையோடு தெருவில் நிற்பவர் இதற்குள் இல்லவே இல்லை.

அயர்லாந்துக்காரர்களுக்கு இது ஆறாத காயம். 1840களின் பெரும் பஞ்சத்தில் குத்தகை கட்ட முடியாதவர்களைக் கிளப்பிவிட்டு, திரும்பி வந்து ஒண்டிவிடக் கூடாதென்று கூரையையும் பிரித்துப் போட்டார்கள். 1880இல் மேயோ வட்டாரத்தில் குத்தகைக்காரர்களை எழுப்பப் பார்த்த பண்ணை ஏஜெண்டு ஒருவரோடு ஊரே பேச்சையும் வேலையையும் நிறுத்திக்கொண்டது. அவர் பெயர் கேப்டன் பாய்காட். 'பாய்காட்' என்ற சொல் வந்த வழி அதுதான்.

2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு அங்கே உள்ளாட்சிகள் வீடு கட்டிக் கொடுப்பது ஏறக்குறைய நின்றே போனது. வாடகை ஏறிக்கொண்டே போனது. 2022 அக்டோபர் இறுதியில், வாடகை பாக்கி போன்ற தவறு செய்யாத யாரையும் குளிர்காலம் முடியும்வரை கிளப்பக் கூடாதென்று அரசு தடை போட்டது. அப்புறம் 2023 மார்ச் 31உடன் அதை முடியவிட்டது. நீட்டிக்கக் கேட்ட எதிர்க்கட்சித் தீர்மானம் நாடாளுமன்றத்தில் தோற்றது. அப்போது பிரதமர் லியோ வரத்கர். வீட்டுவசதி அமைச்சர் டாரா ஓபிரையன். வீடில்லாமல் அவசரத் தங்குமிடங்களில் இருந்தவர்கள் அப்போதே 11,000க்கு மேல்; 2025இல் 15,000ஐத் தாண்டினார்கள். ஓட்டல் அறையில் தங்கவைக்கப்படும் குடும்பத்துக்கு அடுப்பு கிடையாது. கெட்டில் ஒன்றுதான் சமையலறை. குழந்தை வீட்டுப்பாடம் எழுதுவதும் சாப்பிடுவதும் தூங்குவதும் ஒரே கட்டிலில்.

சரி, தமிழுக்கு வருவோம். 'வெளியேற்றம்' எனக்கு உவப்பாக இல்லை. கழிவுநீருக்கும் புகைக்கும் அதே சொல்லைத்தான் போடுகிறோம். 'அப்புறப்படுத்துதல்' குப்பைக்கு ஆகும், குடும்பத்துக்கு ஆகாது. 'காலி செய்தல்' பேச்சில் நன்றாகவே ஒலிக்கிறது. ஆனால் தானாகப் போனதுபோலத் தொனிக்கும். 'குடிபெயர்தல்' விரும்பிப் போவதற்கும் பொருந்தும்.

என் தேர்வு 'குடியெழுப்பல்'. குடியிருப்பு, குடிபுகுதல், குடிக்கூலி, குடிமகன், குடியரசு என எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் 'குடி' இதில் இருக்கிறது. எழும்புவது தன்வினை, எழுப்புவது பிறவினை. 'குடும்பங்கள் வெளியேறின' என்று செய்தி எழுதினால் அங்கேயே முடிந்துவிடும். 'குடும்பங்கள் குடியெழுப்பப்பட்டன' என்று எழுதிப் பாருங்கள்: எழுப்பியது யார், அதற்கு இருந்த தடையை எடுத்தது யார் என்று அடுத்த வரியில் சொல்லியே ஆக வேண்டும்.