பேண்ட் தடித்தால் நொதி அதிகம் வேலை செய்ததாகிவிடாது

பார்த்துத் தரும்படி வந்த ஆய்வேடு ஒன்றில் சென்ற வாரமும் அதே படம்: சர்ட்1 என்னும் நொதியைப் பற்றும் ஆன்டிபாடியைக் கொண்டு எடுத்த வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனை), மருந்து கொடுத்த செல்களில் சற்றுத் தடித்த பேண்ட் (புரதம் இருக்கும் இடத்தில் தெரியும் கோடு), அதன் கீழே "சர்ட்1 செயல்பாடு அதிகரித்தது" என்ற முடிவு. எத்தனை முறை திருத்தி அனுப்பினாலும் இது நின்றபாடில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

சர்ட்1, பிற புரதங்களின் லைசினில் ஒட்டியுள்ள அசிட்டைல் தொகுதியை நீக்கும் நொதி. அந்த வேலைக்கு அதற்கு என்ஏடி என்னும் துணைமூலக்கூறு வேண்டும். ஆன்டிபாடியோ அந்நொதியின் ஒரு சிறு பகுதியை அடையாளம் கண்டு பற்றிக்கொள்கிறது, அவ்வளவே. மாதிரியை எஸ்டிஎஸ் என்னும் சோப்பு போன்ற வேதிப்பொருள் கலந்து கொதிக்க வைக்கும்போதே நொதியின் மடிப்புகள் அவிழ்ந்து அது செயலிழந்துவிடுகிறது. அதன்பின் தெரியும் பேண்ட், உயிருள்ள செல்லில் அது எவ்வளவு வேலை செய்தது என்பதை எப்படிச் சொல்லும்? செல்லில் என்ஏடி குறைந்தால், நொதியின் அளவு மாறாமலே அதன் வேலை குறையலாம். இஎக்ஸ்-527 என்னும் தடுப்பான் நொதியை முடக்கினாலும் பேண்ட் இருந்தபடியே இருக்கலாம். செயல்பாட்டைப் பற்றிப் பேச விரும்புவோர், பி53 என்னும் புரதத்தின் 382ஆம் லைசினில் சர்ட்1 நீக்கும் அசிட்டைலை அதற்குரிய தனி ஆன்டிபாடியால் பார்க்க வேண்டும். அதை வேறு நொதிகளும் நீக்கும் என்பதால், இஎக்ஸ்-527 கொடுத்த மாதிரியையும் அதே ஜெல்லில் ஓட்ட வேண்டும். பி53 இல்லாத எச்1299 என்னும் புற்றுநோய் செல்களில் இதைத் தேடுவது வீண்.

அடுத்தது பேண்டின் இடம். மனித சர்ட்1 புரதத்தில் 747 அமினோ அமிலங்கள். கணக்குப்படி ஏறத்தாழ 82 கிலோடால்டன் (புரத எடையின் அலகு). ஆனால் ஜெல்லில் அது பெரும்பாலும் 110 முதல் 120 வரையிலான இடத்தில்தான் நிற்கும். இதை அறியாமல், பல ஆன்டிபாடிகளுக்காகச் சவ்வை 100 குறியில் வெட்டி, மேல்துண்டைக் குப்பையில் போட்டுவிட்டு, 80 அருகே தெரிந்த மங்கலான கோட்டைச் சர்ட்1 என்று அளந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடு நொதி வெட்டுப்பட்டதால் வந்த துண்டாகவும் இருக்கலாம், தொடர்பே இல்லாத வேறு புரதமாகவும் இருக்கலாம்.

ஆன்டிபாடிக் குப்பியின் மேல் ஒட்டியுள்ள பெயர் சான்றாகாது. சர்ட்1 மரபணுவை நீக்கிய செல்களின் லைசேட்டை (செல்களை உடைத்தெடுத்த கரைசலை) ஒரு வரிசையில் ஏற்றுங்கள். கிடைக்காவிட்டால் எஸ்ஐஆர்என்ஏ (மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏ) கொண்டு சர்ட்1-ஐக் குறைத்த செல்களையாவது ஏற்றுங்கள். அங்கே பேண்ட் மறையவோ மங்கவோ இல்லையென்றால் அந்த ஆன்டிபாடியை நம்பாதீர்கள். பாலிகுளோனல் (பல ஆன்டிபாடிகளின் கலவை) வாங்கினால் லாட் எண்ணை, அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண்ணை, குறித்துவையுங்கள். லாட் மாறினால் சோதனையையும் மறுபடி செய்யுங்கள். ஆன்டிபாடியைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்காமல், வந்த அன்றே சிறு சிறு குழாய்களில் பிரித்துவையுங்கள்.

வழிகாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள்: மாணவர் கொண்டுவரும் வெட்டிய படத்தில் கையெழுத்திடும் முன், அளவுக்குறிகளோடு கூடிய முழுச் சவ்வின் படத்தைத் தயவுசெய்து கேட்டு வாங்கிப் பாருங்கள்.