லைடார் எனும் ஒளிக்கதுவீ

ஒளித்துடிப்பை அனுப்பி, அது எதன்மீதாவது பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துத் தொலைவைக் கணக்கிடும் கருவிதான் லைடார். அந்த முறைக்கும் இதே பெயர்தான். ஒளி ஒரு நானோநொடியில் சுமார் 30 செ.மீ. போகும். போய்வருகிற பயணம் என்பதால், நேரத்தை ஒரு நானோநொடி தவறாக அளந்தால் தொலைவு 15 செ.மீ. மாறிவிடும்.

'லைட்' என்ற ஆங்கிலச் சொல்லின் தலையையும் 'ராடார்' என்பதன் வாலையும் ஒட்டிப் பிறந்தது இந்தப் பெயர். 'லைட் டிடெக்ஷன் அண்ட் ரேஞ்சிங்' என்ற விரிவு பிறகு பொருத்திக்கொண்டது. ராடாரோ உண்மையிலேயே ஒரு சுருக்கப்பெயர். 1940இல் அமெரிக்கக் கடற்படை வைத்தது. 1960இல் லேசர் வந்த பிறகே லைடாருக்கு உயிர் வந்தது. 1971இல் அப்பல்லோ 15 நிலவைச் சுற்றியபோது லேசரால் அதன் மேடுபள்ளத்தை அளந்தது.

தமிழில் என்ன சொல்லலாம்? ராடாருக்குக் 'கதுவீ' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. கதுவுதல் என்றால் பற்றுதல்; தீ கதுவியது என்கிறோமே, அதே சொல். அப்படியானால் லைடார் 'ஒளிக்கதுவீ'. லேசரைச் சீரொளி என்பதால் 'சீரொளிக் கதுவீ' என்றும் சொல்லலாம்தான். ஆனால் மூலச்சொல்லின் பிறப்போடு ஒத்துப்போவதும் வாய்க்கு எளிதானதும் முன்னதுதான். பேச்சில் லைடார் என்றே இருந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

உண்மையான குழப்பம் 'உயரம்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. மரத்தின் உயரமும் உயரம்தான். அந்த மரம் நிற்கும் தரை கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதும் உயரம்தான். லைடார் தரவில் இரண்டும் வேறு. விமானத்திலிருந்து போகும் ஒரு துடிப்பின் ஒரு பகுதி உச்சி இலையில் பட்டுத் திரும்பும், இன்னொரு பகுதி கிளையில், மிச்சம் தரையில். (ஒளி இலையைத் துளைத்துப் போவதில்லை; இடைவெளி கிடைத்தால்தான் தரையைத் தொடும்.) இப்படிச் சேரும் கோடிக்கணக்கான புள்ளிகளைப் புள்ளித்திரள் எனலாம். தரையில் பட்டவற்றை மட்டும் பிரித்துச் செய்யும் கணினிப் படிவம் 'தரைப்பரப்பு மாதிரி'. மரம், கட்டடம் எல்லாவற்றோடும் செய்யும் படிவம் 'மேற்பரப்பு மாதிரி'. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மர உயரம் வந்துவிடும். வெள்ளம் எந்த வழியாக ஓடும் என்று பார்ப்பவருக்குத் தரைப்பரப்பு மாதிரிதான் வேண்டும். பெயரைச் சரியாகப் பார்க்காமல் மற்றதைப் பதிவிறக்கினால், கணினியில் தண்ணீர் மர உச்சிகளில் முட்டி நிற்கும்!

இந்தத் தரவைப் பொதுவில் வைக்கும் நாடுகள் சில உண்டு. அமெரிக்க நிலவியல் ஆய்வகம் நாடு தழுவிய திட்டமாகவே இதைச் செய்கிறது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2015இல் தன் தொகுப்பைத் திறந்துவிட்டது. நெதர்லாந்து தன் முழு நிலப்பரப்பையும் திரும்பத் திரும்ப அளக்கிறது. நிலத்தில் சுமார் கால்பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நாட்டுக்கு வேறு வழியில்லை.

திரும்ப அளப்பதில்தான் சூழல் கண்காணிப்பே இருக்கிறது. கடலோர மேட்டில் ஒரு சிறு சதுரத்தின் தரை உயரம் முதல் அளவையில் 12.40 மீட்டர், அடுத்ததில் 11.80 என்றால் 60 செ.மீ. மண் போயிருக்கிறது. இதை நம்பலாம். வெறும் 10 செ.மீ. என்றால்? அமெரிக்கத் திட்டத்தில் பரவலாகப் பயன்படும் தரநிலையில், சதுர மீட்டருக்குக் குறைந்தது 2 துடிப்புகள், உயரத்தில் 10 செ.மீ. வரை பிழை என்பது வரம்பு. இரண்டு அளவைகளின் பிழையும் சேர்ந்தால் சுமார் 14 செ.மீ. ஆகிவிடும் (பிழைகளை நேராகக் கூட்டுவதில்லை; அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பார்கள்). எனவே அந்த 10 செ.மீ. அரிப்பாகவும் இருக்கலாம், அளவைப் பிழையாகவும் இருக்கலாம். இரண்டு தரவும் ஒரே உயர ஆதாரத்தை, அதாவது உயரத்தை எங்கிருந்து எண்ணுவது என்ற தொடக்க மட்டத்தை, கொண்டு கணக்கிட்டவையா என்பதையும் பார்த்துவிடுங்கள். பூமியின் வடிவத்துக்குக் கணித முறையில் வகுத்த நீள்வட்டத் திண்மத்தின் பரப்பிலிருந்து ஒன்று, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து இன்னொன்று என்றால் வித்தியாசம் பல மீட்டர் வரும்.

அப்புறம், ஏரியின் ஆழத்தை இதில் தேட வேண்டாம். நில அளவைக்கு வழக்கமாகப் பயன்படும் அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். அடிமட்டம் வேண்டுமென்றால் பச்சை ஒளி லைடார் வேண்டும், அதுவும் தெளிந்த நீரில்தான் எடுபடும்.