ரேடியேட்டர் என்றால் சூடாற்றி

கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் ரேடியேட்டர் தெரியும். தமிழில் அதை எப்படிச் சொல்வது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். மூலச் சொல்லை அப்படியே பெயர்த்தால் ‘கதிர்வீசி’ என்று வரும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது சரிதான். பானெட்டைத் திறந்து அந்தப் பொருள் செய்யும் வேலையைப் பார்த்தால் பொருந்தவில்லை.

முதலில் வேர். லத்தீனில் ‘ராடியுஸ்’ என்றால் சக்கரத்தின் ஆரக்கால். நடுவிலிருந்து நாலா பக்கமும் நீள்வதால் ஒளிக்கதிருக்கும் அதே பெயர் வந்தது. ரேடியோ, ரேடியம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புவரை உள்ள தூரத்தை நாம் ஆரம் என்கிறோம், இலங்கைப் பாடநூல்கள் ஆரை என்கின்றன. ஆரக்கால் என்ற சொல்லோடு சேர்த்துப் பார்த்தால், சக்கரத்தைப் பார்த்தே இரண்டு மொழிகளும் வட்டத்துக்குப் பெயர் வைத்திருப்பது தெரியும். எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

ரேடியேட்டர் என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் குளிர்ப் பகுதிகளில் வீட்டைச் சூடாக்கும் இரும்புக் கருவிக்கு வழங்கியது. சுவரோரம் நிற்கும் அதற்குள் வெந்நீரோ நீராவியோ ஓடும். கார் வந்தபோது, சூட்டை வெளியே தள்ளுவது என்ற ஒரே காரணத்தால் அதே பெயர் இஞ்சினைக் குளிரவைக்கும் பொருளுக்கும் ஒட்டிக்கொண்டது. 1886இல் கார்ல் பென்ஸ் ஓட்டிய வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடைத்து வைத்த தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும் வழியைத் திருத்தமாகச் செய்தவர் வில்ஹெல்ம் மேபாக். 1901இல் வந்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காருக்காக அவர் தேன்கூடு போன்ற ஒரு ரேடியேட்டரை அமைத்தார். அதில் 8,070 சின்னச் சின்னக் குழாய்கள். குழாய்களுக்குள் காற்று போகும், அவற்றின் இடுக்குகளில் தண்ணீர் ஓடும். இன்றைய ரேடியேட்டரில் தண்ணீர் குழாய்க்குள்ளும் காற்று வெளியேயும் போகின்றன. கருத்து ஒன்றுதான்.

இதில் கதிர்வீச்சு எங்கே இருக்கிறது? கொஞ்சம் இருக்கிறது. ஆனால் 90 டிகிரிச் சூட்டில் இருக்கும் உலோகம் கதிராக வீசும் வெப்பம் சொற்பம். பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு போவது உரசிச் செல்லும் காற்று. அதனால்தான் ‘கதிர்வீசி’ எனக்கு உறுத்துகிறது.

டீக்கடையில் மாஸ்டர் டீ ஆற்றுவதைப் பாருங்கள். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னொரு கையை இடுப்புக்குக் கீழே இறக்கி, டீயை நூல்போல இழுக்கிறார். டம்ளருக்குள் கட்டியாகக் கிடந்தபோது சூட்டை விடாத டீ, மெல்லிய இழையாக நீண்டவுடன் எல்லாப் பக்கமும் காற்று பட்டு இரண்டு மூன்று வீச்சில் குடிக்கிற பதத்துக்கு வந்துவிடுகிறது. சூடான நீர்மத்தை மெல்லிசாகப் பரப்பிக் காற்றில் காட்டுவது: ரேடியேட்டர் செய்வது இம்மி பிசகாமல் இதைத்தான். தட்டையான குழாய்களில் சுடுநீர் மெல்லிசாகப் பிரிந்து இறங்குகிறது, நடுவில் மடித்து வைத்த அலுமினியத் தகடுகள் அதன் சூட்டை வாங்கிக் காற்றிடம் கொடுக்கின்றன.

இந்த வேலைக்கு நம்மிடம் வினையே இருக்கிறது: ஆற்று. குளிர்விப்பது வேறு, ஆற்றுவது வேறு. ஆறிய பால் சில்லென்று இருக்காது, கொதிப்பு அடங்கியிருக்கும். இஞ்சினுக்கும் அதுதான் தேவை. சில்லென்று இருந்தால் அது ஒழுங்காக ஓடாது. பல கார்களில் 80 முதல் 90 டிகிரி சூடு வரும்வரை தெர்மோஸ்டாட் என்ற வால்வு தண்ணீரை ரேடியேட்டர் பக்கமே விடாது. ‘குளிரூட்டி’ என்ற சொல்லோ ஏசிக்குப் போய்விட்டது.

அப்படியானால் வெப்பமாற்றி? வெப்பம்+ஆற்றி என்று பிரித்தால் சரி, வெப்ப+மாற்றி என்று படித்துவிட்டால் பொருளே மாறிவிடும். அந்தக் குழப்பம் வேண்டாம். சூடு+ஆற்றி, சூடாற்றி. கேட்டவுடன் புரிகிறது, மெக்கானிக்கிடம் சொன்னாலும் வாயில் நிற்கும்.

பெயர் வேலையைச் சொன்னால் கோளாறைத் தேடுவதும் சுலபம். டீ ஆறவில்லை என்றால் என்னென்ன காரணம் இருக்கும்? வண்டி ஹீட் ஆவதற்கும் அவைதான். ஒன்று, நீர்மம் குறைந்திருக்கும். ரிசர்வ் டேங்கில் அளவுக் கோடு இருக்கிறது. இஞ்சின் ஆறியிருக்கும்போது அதைப் பார்த்துவிட்டு, ஹோஸ் கிளிப் ஓரங்களிலும் காருக்கு அடியிலும் ஈரம் இருக்கிறதா என்று தேடலாம். இல்லையென்றால் நீர்மம் ஓடாமல் நிற்கும்: தெர்மோஸ்டாட் மூடியபடி ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது வாட்டர் பம்ப் போயிருக்கும். மூன்றாவது, காற்று வராது. டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் சூடு காட்டும் முள் ஏறி, நெடுஞ்சாலையில் ஓடினால் இறங்குகிறது என்றால் முதலில் ஃபேனைச் சந்தேகப்படுங்கள். ஃபியூஸ், ரிலே இரண்டையும் வீட்டிலேயே பார்க்கலாம். பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டாலே ஃபேன் சுற்ற வேண்டும். கை மட்டும் கிட்டே போகக் கூடாது, சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் அது தானாகச் சுற்றும். நேர்மாறாக, வேகமாகப் போகும்போது சூடேறினால் அடைப்பு இருக்கலாம். தகடுகளின் இடுக்கில் பூச்சியும் பஞ்சும் அப்பியிருந்தால், உள்பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவலாம். பிரஷர் பம்ப் வேண்டாம், தகடு மடங்கிவிடும்.

சூடாற்றியின் மூடியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் திம்பம் மலைப்பாதையில், 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியதும் பெரியப்பாவின் பழைய கார் ஆவி கக்கி நின்றது. அவர் ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு அரைத் திருகு திருகினார். சாக்கோடு சேர்த்து வெந்நீர் மேலே பாய்ந்தது. முழங்கை வரை வெந்த தோலோடுதான் அன்று மலை இறங்கினோம். அந்த மூடி வெறும் மூடி கிடையாது, பிரஷர் குக்கரின் வெயிட் மாதிரி. உள்ளே ஒரு பார் அழுத்தம் கூடினால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். திறந்த கணமே அழுத்தம் போய் மொத்தமும் ஒரே நேரத்தில் கொதிக்கும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிந்து, அமுக்கினால் தொளதொளவென்று இருக்கும்வரை மூடியைத் தொடாதீர்கள். அரை மணிக்கு மேலேயே ஆகும், ஆகட்டும்.

ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் கசடு, புகைக்குழாயில் விடாத வெள்ளைப் புகை இரண்டும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் (இஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கும். அது வீட்டு வேலை அல்ல. வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

சூடாற்றிக்குள் ஊற்றும் கூலன்ட்டுக்கும் ஒரு சொல் தேடினேன். ஆற்றுநீர் என்றுதான் முதலில் வாயில் வந்தது, ஆனால் அதைப் படிப்பவர் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிவிடக் கூடும். உப்புத் தண்ணீரே ஆகாது: போர்வெல் தண்ணீர் ஊற்றினால் கெய்சரில் படிவதுபோலக் குழாய்களில் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். கலக்க வேண்டியது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். நல்ல சொல் கிடைக்கும்வரை கூலன்ட் கூலன்ட்டாகவே இருக்கட்டும்.